கூண்டுப் பாம்புக்கு ஒரு குளிர்காலம்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த கார்ன் ஸ்னேக் நஞ்சில்லாத பாம்பு. உலகெங்கும் வீடுகளில் வளர்க்கிறார்கள். காட்டில் அது வசந்தத்தில் இணைசேரும். சரி, ஆண்டு முழுக்க ஒரே சூட்டில், வேளாவேளைக்கு எலி தின்று கிடக்கிற பாம்புக்கு வசந்தம் வந்தது எப்படித் தெரியும்? வளர்ப்பவர்தான் குளிரைக் கொடுத்து, அப்புறம் விலக்கிக் காட்டவேண்டும்.

குளிர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கனடாவின் மானிடோபா மாகாணத்தில் உள்ள கார்ட்டர் பாம்புகள் நல்ல சான்று. அங்கே நார்சிஸ் ஊர்ப்பக்கம் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் அவை ஆயிரக்கணக்கில் குளிரைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் வெளியே வந்ததும் இணை தேடுகின்றன. அந்த நேரத்தில் ஆணின் விரைகள் ஓய்வில் இருக்கும். விந்தணுக்கள் முந்தின கோடையிலேயே உருவாகிச் சேமிக்கப்பட்டவை. குளிருக்கு முன்பே விரைகளை அகற்றிவிட்டாலும் வசந்தத்தில் ஆண் பெண்ணை நாடுகிறது! அதன் வேட்கையை எழுப்புவது அந்நேரத்து ஹார்மோன் அல்ல, நெடுங்குளிருக்குப் பின் வரும் வெப்பம்.

கார்ன் ஸ்னேக்குக்கு அத்தனை கெடுபிடி இல்லை. குளிரூட்டாமலே சிலரிடம் முட்டை இடுகிறது. ஆனாலும் ஆணும் பெண்ணும் ஒரே சமயத்தில் தயாராக, இரண்டு மூன்று மாதம் 10 முதல் 15 டிகிரி செல்சியஸில் இருட்டில் வைப்பது நல்ல வழி. தண்ணீர் மட்டும் போதும். அதற்கு முன் இரண்டு வாரமாவது இரையை நிறுத்தி, சூட்டைக் குறைக்காமல் வைத்திருக்கவேண்டும். குளிரில் செரிமானம் நின்றுவிடும். வயிற்றில் இரை இருந்தால் அங்கேயே அழுகிப் பாம்பைக் கொன்றுவிடும். இதில் அவசரப்படவே கூடாது.

சூடு திரும்பியதும் பெண்ணுக்கு நன்றாக இரை கொடுக்கவேண்டும். அதன் கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தைத் தயாரித்து இரத்தத்தில் அனுப்ப, சினைகள் பருக்கின்றன. பாம்பை விரல்கள்மேல் மெல்ல ஊரவிட்டால் வயிற்றுக்குள் மணிகள் கோத்தாற்போல் தட்டுப்படும். குளிருக்குப் பின் அது முதல்முறை சட்டை உரித்ததும் ஆணோடு சேர்ப்பார்கள். அப்போது பெண்ணின் தோலிலிருந்து வரும் வாசனைப் பொருள்கள் ஆணை வலுவாக ஈர்க்கும்.

இணைந்து ஒரு மாதம் போல ஆனதும் பெண் மறுபடி சட்டை உரிக்கும். அதிலிருந்து பத்து நாள் அளவில் முட்டை வரும். அதற்கு முன்பே ஈரப் பாசி நிரப்பிய பெட்டியைக் கூண்டில் வைத்துவிடவேண்டும். முட்டைகளை இட்ட நிலையிலேயே, புரட்டாமல், 28 டிகிரி அளவில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குட்டிகள் வெளிவரும். கோழிமுட்டையில் கருவைத் தாங்கும் திருகிழைகள் இதில் கிடையாது. ஓட்டின் மேற்பக்கம் ஒட்டி வளரும் கரு, புரட்டினால் செத்துப்போகலாம்.

இவ்வளவிலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது பெண்ணின் உடம்பைத்தான். மூன்று வயதும் 300 கிராம் எடையும் ஆகாத பெண்ணைச் சேர்த்தால் முட்டை உள்ளேயே சிக்கி அது சாகலாம். முட்டையிட்ட பெண் இளைத்துத் தோல் சுருங்கிக் கிடக்கும். சின்னச் சின்ன இரையாகக் கொடுத்துத் தேற்றவேண்டும். இலையுதிர் காலத்துக்குள் பழைய எடை திரும்பவில்லையா, அந்த ஆண்டு குளிரூட்டலும் வேண்டாம், இணைசேர்ப்பும் வேண்டாம்.