மணலுக்குள் ஒரு வேட்டைக்காடு

"உலகம் அழிந்த பிறகு என்று வரும் படங்களில் எல்லாரும் தண்ணீருக்காக அடித்துக்கொள்கிறார்கள். நிஜமாகவே அப்படி ஒரு நாள் வந்தால், எதிரே கிடக்கும் குட்டைத் தண்ணீரை எப்படிக் குடிப்பது? மின்சாரம் இல்லை, கடை இல்லை, மாற்றிப்போட வடிகட்டியும் இல்லை." கல்லூரியில் படிக்கும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். கற்பனைக் கேள்வி என்று தள்ளிவிட முடியவில்லை. போர், நிலநடுக்கம், வெள்ளம் என்று ஒவ்வொரு முறையும் யாரோ சிலருக்கு உலகம் ஒரு வாரத்துக்கோ ஒரு வருடத்துக்கோ அழிந்துதான் போகிறது. அப்போது ஆட்களைக் கொல்வதில் தாகத்தைவிட வயிற்றுப்போக்குதான் முந்திக்கொள்கிறது.

காய்ச்சினால் போதுமே என்பீர்கள். உண்மைதான். கொதி வந்து ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் நோய்க்கிருமிகள் எதுவும் மிஞ்சாது. 2,000 மீட்டருக்கு மேலான மலைகளில் மூன்று நிமிடம். ஆனால் விறகுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 314 கிலோஜூல் வேண்டும். திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குள் போனாலே பெரிது. அப்படியானால் லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் காய்ந்த விறகு. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் என்றால் நாளுக்கு 4 கிலோ, வருடத்துக்கு ஒன்றரை டன். பாழ்நிலத்தில் அவ்வளவு மரம் எங்கே இருக்கிறது? குளோரின் திரவம் கிடைத்தாலும் மாதங்கள் போகப்போக வீரியம் குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. ஆவியாக்கிக் குளிரவைத்தால் உப்புத் தண்ணீரைக்கூடக் குடிநீராக்கலாம். ஆனால் ஒரு லிட்டர் ஆவியாகச் சுமார் 2,250 கிலோஜூல் தேவை என்பதால், கண்ணாடி மூடிய சூரியத் தொட்டி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் தந்தால் அதிகம்.

நான் கைகாட்ட விரும்புவது மணலை. அதுவும் வேகமாக ஓடவிடும் மணலை அல்ல, மணிக்கு 10 சென்டிமீட்டர் என்ற நத்தை வேகத்தில் தண்ணீர் இறங்கும் மெதுமணல் வடிகட்டியை.

மணல் ஒரு சல்லடை, அழுக்கு மேலே தங்கிவிடும், தண்ணீர் கீழே போகும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அளவெடுத்தால் இது பொருந்தாது. கால் மில்லிமீட்டர் மணலில் இரு மணிகளுக்கு இடையே உள்ள சந்து ஏறக்குறைய 40 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காலரா பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான்தான். அரை மீட்டர் அகலத் தோள் உள்ள ஓர் ஆள், பத்துப் பதினைந்து மீட்டர் அகல வாசல் வழியாக நடந்து போவதைப் போல அது போய்விடும். வாசலில் இடிக்கக்கூட இடிக்காது. போதாததற்கு, மணல்மணியின் மேற்பரப்பும் பாக்டீரியாவின் உடலும் பொதுவாக எதிர்மின் தன்மை கொண்டவை; ஒன்றையொன்று விலக்கும். புதிதாகக் கழுவிப்போட்ட மணல், கிருமிகளை வடிகட்டுவதில் மிகவும் மோசம். அதே மணல் மூன்று வாரம் கழித்து நூற்றில் தொண்ணூற்றொன்பதைப் பிடித்துவிடுகிறது. இடையில் என்ன நடந்தது?

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன் ஒரு கண்ணாடிக் குழாயில் மணலை நிரப்பி, குட்டைத் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விட்டுவந்தேன். முதல் வாரம் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் மணலின் உச்சி நிறம் மங்கியது. மூன்றாம் வாரம் பழுப்பும் பச்சையும் கலந்த மெல்லிய தோல் ஒன்று மூடியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழவழவென்று இருந்தது. முகர்ந்தால் மழைக்குப் பிந்திய மண்வாசம், அழுகல் நாற்றம் துளியும் இல்லை. ஜெர்மானியர்கள் இதற்கு 'ஷ்முட்ஸ்டெக்கே' என்று பெயர் வைத்தார்கள், அழுக்குப் படலம் என்று பொருள். இவ்வளவு நல்ல பொருளுக்கு இவ்வளவு மோசமான பெயர் வேறெதற்கும் வாய்த்திருக்காது!

அந்தத் தோலில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். தலைகீழாகப் பிடித்த மணி போல ஓர் உயிர், சுருள்கம்பி போன்ற காம்பின் நுனியில் நின்றுகொண்டிருந்தது. வோர்ட்டிசெல்லா. ஒரே செல்தான் அதன் முழு உடம்பும். மணியின் விளிம்பைச் சுற்றியுள்ள நுண்ணிழைகள் ஓயாமல் அடித்துச் சுழல் ஒன்றை உண்டாக்குகின்றன. பக்கத்தில் போகும் பாக்டீரியாக்கள் அந்தச் சுழலில் சிக்கி வாய்க்குள் இறங்குகின்றன. கண்ணாடித்தகட்டை லேசாகத் தட்டினேன். காம்பு சட்டென்று சுருண்டது, கண் சிமிட்டும் நேரத்தில் மணி அடியில் போய் ஒட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் மெல்ல நிமிர்ந்து மறுபடி வேட்டை தொடங்கியது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

நடப்பது இதுதான். முதலில் வந்து சேரும் தீங்கற்ற பாக்டீரியாக்கள் மணல்மணிகளின் மேல் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருளைச் சுரக்கின்றன. விலக்கிய மணல் இப்போது ஒட்டத் தொடங்குகிறது. ஒரு கன மீட்டர் மெல்லிய மணலில் எல்லா மணிகளின் மேற்பரப்பையும் விரித்துப்போட்டால் ஏறக்குறைய 15,000 சதுர மீட்டர் வரும், இரண்டு கால்பந்து மைதானங்கள். அத்தனையும் பசை தடவிய பொறி. தண்ணீர் மெதுவாகப் போவதால் கிருமி எங்காவது சுவரைத் தொட்டே தீரும். தொட்டதும் ஒட்டும், ஒட்டியதை வேட்டையாடிகள் தின்னும். அவற்றுக்கும் தப்பிக் கீழே இறங்கினால் அங்கே பஞ்சம், உணவே இல்லை. நம் குடலின் 37 டிகிரி வெதுவெதுப்பில் வளர்ந்து பழகிய கிருமி, குளிர்ந்த மணலிருட்டில் பட்டினி கிடந்து சாகிறது. உயிர்களை மட்டும் முடக்கும் நஞ்சை மணலில் விட்டுச் சோதித்தபோது, மணல் அப்படியே இருந்தும் பாக்டீரியா பிடிபடுவது குறைந்துபோனது. வடிகட்டுவது மணல் என்று நினைத்திருந்தோம். மணல் இந்தக் காட்டுக்கு நிலம் மட்டும்தான்.

இதன் வலிமையை உலகுக்குக் காட்டியது ஒரு பெருந்துயரம். 1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வந்தது. எல்பே ஆற்றுத் தண்ணீரை அந்த நகரம் வடிகட்டாமல் குடித்துவந்தது. ஒட்டியே இருந்த அல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு, அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் எடுத்தது. ஆனால் மெதுமணலில் வடித்துக் கொடுத்தது. ஹாம்பர்க்கில் 8,500 பேருக்கு மேல் இறந்தார்கள். அல்டோனா பெருமளவு தப்பியது. இரு நகரங்களின் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் சாவு, எதிர்ப்பக்கம் வழக்கமான வாழ்க்கை. நோய்க்கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக் இதை ஆராய்ந்து எழுதினார். ஓடுகிற நீரில் அழுக்கு நிற்காது, தெளிந்த நீரில் நோய் இருக்காது என்ற நம்பிக்கைகளை இன்றும் படித்தவர்களே சொல்லக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எல்பே ஓடுகிற ஆறுதான்.

செய்வது எளிது. ரசாயனம் எதுவும் வைத்திராத 200 லிட்டர் பீப்பாய் ஒன்று. அடியில் கூழாங்கல், அதன்மேல் சிறு சரளை, அதன்மேல் நன்றாகக் கழுவிச் சலித்த மணல் அரை மீட்டருக்குக் குறையாமல். அடியிலிருந்து வெளியேறும் குழாயை அப்படியே திறந்துவிடாதீர்கள். வளைத்து மேலே ஏற்றி, அதன் வாய் மணல்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் மேலே இருக்கும்படி வையுங்கள். ஊற்றுவது நின்றாலும் மணலுக்கு மேல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கி நிற்கும். படலம் காயாது, அந்த ஆழத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜனும் இறங்கும். கல்கரி பல்கலைக்கழகத்தின் டேவிட் மான்ஸ் 1990களில் வீட்டு அளவு வடிகட்டியை உருவாக்கியபோது இந்த ஏற்பாட்டால்தான், விட்டுவிட்டு ஊற்றினாலும் உயிர்கள் பிழைத்தன. ஊற்றும் இடத்தில் துளையிட்ட தட்டு வேண்டும், இல்லையென்றால் விழும் தண்ணீர் படலத்தைக் குழியாக்கிவிடும். கலங்கல் நீரை ஓர் இரவு தெளியவைத்து ஊற்றுங்கள். மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஓயாமல் ஓடினால், இந்த ஒரு பீப்பாய் நாளுக்கு 500 லிட்டருக்கு மேல் தரும்.

உப்பு, ஆர்செனிக், நைட்ரேட், இவற்றில் எதையும் இது பிடிக்காது. அணுகுண்டுத் தூசு விழுந்த நீர் என்றால், கதிரியக்கம் பெரும்பாலும் தூசுத்துகள்களில் இருப்பதால் தெளியவைப்பதும் வடிப்பதும் ஓரளவு உதவும். காய்ச்சுவதால் பயனே இல்லை. வைரஸ்களில் சில மணலுக்கும் தப்பும். அதற்கு வெயில் இருக்கிறது. வடித்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து ஆறு மணி நேரம் நல்ல வெயிலில், மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் வைத்தால் போதும். புறஊதாக் கதிர் கிருமியின் மரபுப்பொருளைச் சிதைக்கும். பெய்ரூட்டில் ஆஃப்டிம் ஆக்ரா 1980இல் சொன்ன வழி இது. கலங்கல் நீரில் கதிர் நுழையாது என்பதால் மணல் முதலில், வெயில் பிறகு.

மாதாமாதம் மாற்றிப்போட எதுவும் இல்லாத கருவியில் வியாபாரிக்கு ஆர்வம் வராது, அது இயல்பு. பொதுப்பணத்தில் ஆராய்ச்சி நடத்துபவர்கள் ஏன் அந்த வியாபாரியின் கண்ணோடு பார்க்க வேண்டும்? எந்தப் படலத்தில் எந்த வேட்டையாடிகள் இருந்தால் வைரஸும் நன்றாகப் பிடிபடும், மூன்று வாரக் காத்திருப்பை எப்படிக் குறைப்பது என்பவை நோபல் கனவு காண்பவர்களுக்குச் சின்னக் கேள்விகளாகத் தோன்றலாம். இவற்றுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

வாசகிக்கு ஒரு குறிப்பு. சில மாதங்களில் படலம் தடித்து நீர் இறங்குவது மிகவும் குறைந்துவிடும். அப்போது மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டரை மட்டும் வழித்தெடுங்கள், முழு மணலையும் கழுவிவிடாதீர்கள். வழித்த பிறகு காடு மறுபடி வளரச் சில நாளாகும். அதுவரை வரும் நீரைக் குடிக்கக் கூடாது. அதனால் தொடக்கத்திலேயே பீப்பாய்களை இரண்டாக வைத்து, மாற்றி மாற்றி வழியுங்கள்.