காண்டீவத்துக்கும் காண்டவத்துக்கும் உறவில்லை

போன வாரம் ஒரு பாரதச் சொற்பொழிவில் மறுபடியும் கேட்டேன்: "காண்டவ வனத்தை எரித்த வில், அதனால் காண்டீபம்." அச்சிலும் இதைப் பார்த்திருக்கிறேன், 'காண்டவ வில்' என்றே. இனியும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

காண்டீவம் அருச்சுனனுடைய வில்லின் பெயர், பேச்சில் காண்டீபம். காண்டவம் பாரதக் கதையில் அக்கினிக்கு இரையான காடு. காண்டீவம் வடசொல். 'காண்டி' என்பதோடு 'வ' விகுதி சேர்ந்து பெயரானது. சிவனுடைய வில்லான அஜகவத்தையும் சேர்த்து, வடமொழி இலக்கணம் வகுத்த பாணினி இதற்கொரு சூத்திரமே வைத்திருக்கிறார். காண்டி என்றால் கணு என்பார்கள், காண்டாமிருகம் என்பாரும் உண்டு.

சரி, காடு எப்படி உள்ளே வந்தது? நம் எழுத்தால் வந்தது. வடமொழியில் ககரம் நான்கு. காட்டின் பெயருக்கு இரண்டாவது ககரம், வில்லின் பெயருக்கு மூன்றாவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கா'. பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அண்ணன் தம்பி போலத் தெரியும். எழுத்துதான் ஏமாற்றியது என்றால், கதையையாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா? அக்கினி காட்டை உண்ணப் பார்க்கிறான், இந்திரன் மழையைக் கொட்டி அணைக்கிறான். அருச்சுனனோ தன் தோள்வலிக்கு ஏற்ற வில் இல்லை என்கிறான். அப்புறம்தான் அக்கினி வருணனை அழைத்து, சோமன் அவனுக்குக் கொடுத்திருந்த காண்டீவத்தையும், அம்பு குறையாத இரண்டு தூணிகளையும் வாங்கித் தருகிறான். காட்டில் தீ பற்றும் முன்பே வில் இருந்தது, பெயரும் இருந்தது.

இன்னொரு பக்கம், இதைத் தமிழாக்கியே தீருவேன் என்று 'கணுவில்' என்கிறார்கள். நானும் தனித்தமிழை விரும்புகிறவன்தான். ஆனால் 'கணுவில்' என்று படித்தால் யாருக்கு வில் நினைவு வரும்? கரும்பின் கணுவில் எறும்பு என்றுதான் மனம் ஓடும். பொருளைச் சொல்ல வில் இருக்கிறது, அதே பொருளில் சிலை என்ற சொல்லும் இருக்கிறது, இரண்டும் பழந்தமிழ். பெயரைப் பெயர்க்கக் கூடாது. ஆண்டாள் திருமால் வில்லைச் 'சார்ங்கம் உதைத்த சரமழைபோல்' என்று பெயர் சொல்லித்தான் பாடினாள். பெயரே வேண்டாம் என்றாலும் வழி உண்டு: சிறுபாணாற்றுப்படை அருச்சுனனைக் 'கா எரியூட்டிய கவர்கணைத் தூணிப் பூவிரி கச்சைப் புகழோன்' என்கிறது. காண்டவம் அங்கே வெறும் 'கா', அதாவது சோலை. வில்லின் பெயர் இல்லை, ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது.

காண்டீபம் என்பதை நான் தள்ளமாட்டேன். பிள்ளைகளுக்குக் காண்டீபன் என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம், வாயில் ஊறிவிட்டது. எழுதும்போது மூலத்தின் வகரத்தோடு காண்டீவம் என்பதே என் விருப்பம். மொழிமாற்றுத் தொலைக்காட்சித் தொடர்களின் 'காண்டிவா'வைத்தான் பொறுக்க முடியவில்லை. மகரத்தில் முடிக்க ஓர் எழுத்து போதும், அதைச் செய்யக்கூட மொழிபெயர்ப்பாளருக்குத் தோன்றவில்லை. கூடவே 'காண்டீபத்தை எய்தான்' என்று வேறு எழுதுகிறார்கள். எய்வது அம்பை. வில்லை வளைப்பார்கள், நாணேற்றுவார்கள்.

பாஞ்சாலி சபதத்தில் கொதிக்கும் வீமனை அடக்கும் அருச்சுனன் 'தனுவுண்டு காண்டீவம் அதன்பேர்' என்று முடிக்கிறான். தனு, அதாவது வில், என்று பொருளை முதலில் சொல்லி, அதன்பேர் என்று பெயரைத் தனியே நிறுத்துகிறான் பாரதி. வில் எது, பெயர் எது என்று அந்த வரியைக் கேட்ட எவருக்கும் குழப்பம் வராது.