லாக் காக்கச் சொன்னது சொத்தையா, உடைமையையா?

போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் மேடைப் பேச்சுகளிலும் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கைப் பற்றி ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘சொத்தைக் காப்பாற்றத்தான் அரசு ஏற்பட்டது என்றார் ஜான் லாக்.’ கேட்பவர் என்ன நினைப்பார்? வீடும் நிலமும் வைத்திருப்பவர்களுக்குக் காவலாளியாக அரசை நிறுத்திய ஆள் என்றுதான். ‘ஆகவே இவர் பணக்காரர்களின் தத்துவவாதி’ என்ற தீர்ப்பும் பின்னாலேயே வந்துவிடும். லாக்கைக் கேள்வி கேட்க இடம் நிறைய உண்டு. ஆனால் இந்தத் தீர்ப்புக்குக் காரணம் மொழிபெயர்ப்பாளர் போட்ட ‘சொத்து’ என்ற சொல்.

லாக் எழுதிய சொல் ப்ராப்பர்ட்டி. ‘தனக்கே உரிய’ என்று பொருள்படும் ‘ப்ரோப்ரியுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவருக்கே உரியது எதுவோ, அவர் இசைவில்லாமல் இன்னொருவர் தொடக்கூடாதது எதுவோ, அது.

அரசு பற்றிய அவருடைய இரண்டாம் ஆய்வுரை 1689 இறுதியில், ஆசிரியர் பெயர் இல்லாமல், 1690 என்று ஆண்டு போட்டு வெளிவந்தது. அதன் 123ஆம் பத்தியில் விளக்கம் வெளிப்படையாகவே இருக்கிறது. மக்கள் தங்கள் உயிர், சுதந்திரம், எஸ்டேட் மூன்றையும் காத்துக்கொள்ளச் சேர்கிறார்கள், இம்மூன்றுக்கும் நான் இடும் பொதுப்பெயர் ப்ராப்பர்ட்டி என்கிறார். (எஸ்டேட் என்றதும் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரவேண்டாம். ஒருவரின் நிலபுலன், பொருள்பண்டம் எல்லாம் சேர்ந்தது அது.) அரசின் தலையாய நோக்கம் ப்ராப்பர்ட்டியைக் காப்பது என்ற புகழ்பெற்ற வரி அடுத்த பத்தியில்தான் வருகிறது. போதாதென்று 173ஆம் பத்தியில், இந்தச் சொல்லால் பொருள்கள் மீதுள்ள உரிமையோடு மனிதருக்குத் தம் மீதே உள்ள உரிமையையும் குறிக்கிறேன் என்று மறுபடி சொல்கிறார்.

ஆக, ‘உயிர், சுதந்திரம், சொத்து’ என்ற வரிசையில் சொத்து சரியான சொல். அது அங்கே எஸ்டேட்டுக்கு நிற்கிறது. மூன்றையும் அடக்கும் பொதுப்பெயருக்கும் அதையே போடும்போதுதான் பிழை தொடங்குகிறது. உயிரும் சுதந்திரமும் சத்தமில்லாமல் கழன்றுபோய், அரசு பத்திரப்பதிவு அலுவலகமாகச் சுருங்கிவிடுகிறது.

சொத்து வடமொழி ‘ஸ்வத்வம்’ என்பதிலிருந்து வந்தது, அதனால் வேண்டாம் என்பார்கள் சிலர். என் மறுப்பு அதுவல்ல. ஸ்வத்வம் என்றால் தன்னுடையதாக இருத்தல். பிறப்பைப் பார்த்தால் லத்தீன் சொல்லுக்கு இதைவிட நெருக்கமான உறவு கிடைக்காது. ஆனால் சொல்லுக்குப் பொருள் தருவது பேசுகிற வாய். சொத்து என்றால் இன்று பட்டா, வில்லங்கச் சான்றிதழ், பாகப்பிரிவினை, சொத்து வரி. ‘பிள்ளைகள்தான் எங்கள் சொத்து’ என்று சொல்கிறோமே என்றால், அது உருவகமாக நிற்கிறதே தவிர நேர்ப்பொருளில் இல்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு 27ஆம் பத்தியை மொழிபெயர்த்துப் பாருங்கள். ‘ஒவ்வொரு மனிதனுக்கும் தன்னில் ஒரு சொத்து இருக்கிறது.’ இது தமிழா? ‘ஒவ்வொருவரும் தமக்குத் தாமே உடைமை’ என்று எழுதினால் படித்தவுடன் புரிகிறது.

உடைமை இந்தப் பாரத்தைத் தாங்கும் என்பதற்குக் குறளே சான்று. அன்புடைமை, அறிவுடைமை, நாணுடைமை என்று அதிகாரம் அதிகாரமாக, கையால் தொடமுடியாதவற்றோடு அந்தச் சொல் சேர்கிறது. 592ஆம் குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ‘உள்ளம் உடைமை உடைமை பொருளுடைமை நில்லாது நீங்கி விடும்.’ இங்கே உடைமை பொது, பொருளுடைமை அதில் ஒரு வகை. லாக்குக்கு வேண்டிய வேறுபாடு இதேதான். அவருடைய 6ஆம் பத்தியில் மனிதர்கள் கடவுளின் கைவேலை, ஆகவே அவருடைய ப்ராப்பர்ட்டி என்று வருகிறது. சம்பந்தரை ஆளுடைய பிள்ளையார் என்றும் இராமானுசரை உடையவர் என்றும் அழைத்த மொழிக்கு, ‘அவனுடைய உடைமை’ என்று எழுதத் தயக்கம் எதற்கு? ‘கடவுளின் சொத்து’ என்றால் கோயில் நிலம்தான் கண்முன் நிற்கும்.

ரயில் நிலைய அறிவிப்பில் உடைமை என்றால் பெட்டி படுக்கைதானே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அது ‘உடைமைகள்’ என்று பன்மையில் வருவது. பொதுவுடைமை, தனியுடைமை, நாட்டுடைமை என்று அரசியல் பேசும்போது யாரும் பெட்டியைத் தேடுவதில்லை. இலங்கையில் வழங்கும் ‘ஆதனம்’ நல்ல சொல்தான், ஆனால் ஆதன வரி, அசையா ஆதனம் என்று அதுவும் சொத்தின் பக்கமே நிற்கிறது. இந்திய அரசமைப்பில் 44ஆம் திருத்தம் அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து 300அ பிரிவில் வைத்தது சொத்துரிமையை. அங்கே சொத்து என்பதே சரி, சட்டம் பேசுவது எஸ்டேட்டைப் பற்றி. எனக்குக் கோபம், ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று அகராதியில் முடிச்சுப் போட்டுவிட்டு, எந்த நூற்றாண்டு, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒட்டிக்கொண்டே போகிறவர்கள் மீது. சொல்லை ஆசிரியரே விளக்கியிருக்கும் பத்தியைக்கூடப் படிக்காமல் எப்படி மொழிபெயர்க்க முடிகிறது?

உடைமை பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தில் லாக் பெரும்பாலும் நிலத்தையும் விளைச்சலையும்தான் பேசுகிறார், அங்கே சொத்து பொருந்துமே என்று ஒருவர் வாதிடலாம். அங்கும் உடைமையே வேண்டும், ஏனென்றால் அந்த அத்தியாயத்தின் வாதம் உடலில் தொடங்கி நிலத்துக்குப் போகிறது. என் உடல் என் உடைமை, அதனால் என் உழைப்பும் என் உடைமை, அதனால் நான் ஓக் மரத்தடியில் பொறுக்கிய கொட்டையும் என் உடைமை. நடுவில் சொல் மாறினால் சங்கிலி அறுந்துவிடும். இப்படிப் படித்துக்கொண்டே வந்தால்தான் 28ஆம் பத்தியில் சட்டென்று நிற்போம். என் குதிரை மேய்ந்த புல், நான் தோண்டிய கனிமம், இவற்றோடு என் வேலையாள் வெட்டிய புல்தரையும் எனக்கே உடைமை என்கிறார் லாக். அந்த வேலையாளின் உழைப்பு அவனுடைய உடைமை இல்லையா? கூலிக்கு அதை விற்றுவிட்டான் என்பது லாக்கின் தரப்பில் சொல்லப்படும் பதில். அந்தப் பதில் போதுமா என்று சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனால் ‘சொத்து’ என்று படித்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது, அவருக்குத் தெரிந்தவரை வேலையாளிடம் சொத்து எதுவும் இல்லையே.