இரணைமடுவின் விளிம்பைச் சரிவாகச் சீவுதல்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வடிவத்திலேயே ஒரு நினைவுப் பலகை வேண்டும் என்று ஒரு கமக்காரர் அமைப்பு கேட்கிறது என வைத்துக்கொள்வோம். முதிரைப் பலகை, 18 மி.மீ. தடிப்பு. மேல் விளிம்பைச் சுற்றிவர 5 மி.மீ. அகலத்தில் 45 பாகைச் சரிவு இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் கதவுக்குப் பூ வெட்டும், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. ஆனால் கணினியில் அந்தச் சரிவை வரையப்போனால் மென்பொருள் முரண்டுபிடிக்கும். நீள்சதுரப் பலகைக்கு ஒரே சொடுக்கில் சரிவு போட்டுத்தந்த அதே கட்டளை, குளத்தைக் கொடுத்ததும் பிழை என்று சிவப்பில் காட்டிவிட்டு நின்றுவிடும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் அப்போது ஒரு குறுக்குவழி பார்ப்பார்கள். வெளிக்கோட்டைப் பிரதி எடுத்து, கொஞ்சம் சிறிதாக்கி, மேலே வைத்து இரண்டையும் இணைத்துவிடுவது. இது சரிவராது. 100 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள பெயர்ப்பலகையை 90 வீதமாகச் சுருக்கிப் பாருங்கள். நீளம் 90 ஆகும், அகலம் 18 ஆகும். இரு முனைகளிலும் 5 செ.மீ. சரிவு கிடைக்கும், நீண்ட பக்கங்களில் 1 செ.மீ.தான். குளம் போன்ற வடிவத்தில் இன்னும் மோசம். உட்குழிந்த இடங்களில் சுருங்கிய கோடு பழைய கோட்டையே தாண்டி வெளியே போய்விடலாம்.

நமக்கு வேண்டியது எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் உள்ளே போகும் கோடு. வெளிக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் கோட்டுக்குச் செங்குத்தாக 5 மி.மீ. உள்ளே நகர வேண்டும். கேட்க எளிது. ஆனால் வளைகோடுகளை மென்பொருள் பெரும்பாலும் பெசியே வளைவுகளாக, அதாவது பல்லுறுப்புக் கோவைகளாக, வைத்திருக்கிறது. செங்குத்துத் திசையில் சரியாக 5 மி.மீ. அளக்க வர்க்கமூலம் தேவை. வர்க்கமூலம் நுழைந்துவிட்டால் கிடைக்கும் கோடு பொதுவாக இன்னொரு பெசியே வளைவாக இருக்காது. ஆகவே மென்பொருள் கிட்டத்தட்டப் பொருந்தும் வளைவொன்றை வரைந்து சமாளிக்கிறது.

இரணைமடுவின் வடக்கே அணைக்கட்டு. அதிகம் சிக்கல் இல்லாத கோடு. கனகராயன் ஆறு வந்து சேரும் தெற்குப் பக்கம் அப்படியல்ல. அங்கே நீர் விரல் விரலாகக் காட்டுக்குள் நுழைகிறது. மென்பொருள் திணறுவது அந்தப் பக்கத்தில்தான்.

ஒரு நீர்விரலின் நுனி கூராக முடிகிறது என்போம். 90 பாகை மூலையில் 5 மி.மீ. உள்ளே போனால், மூலைப்புள்ளி ஏறக்குறைய 7 மி.மீ. பின்வாங்கும். மூலை 30 பாகையாக இருந்தால் 19 மி.மீ.க்கு மேல் பின்வாங்கும். 5 மி.மீ. தானே கேட்டேன், ஏன் நுனி இவ்வளவு தேய்ந்துபோனது என்று மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. கோணத்தின் அரைவாசிக்குச் சைன் எடுத்து, 5ஐ அதனால் வகுத்தால் வருவது அதுதான். நுனி கூராக இல்லாமல் வளைந்திருந்தால் வேறு தொல்லை. 8 மி.மீ. ஆரையுள்ள வளைவு உள்ளே போனதும் 3 மி.மீ. ஆகும். 4 மி.மீ. ஆரையில் போக இடமே இல்லை. கோடு தன்னையே குறுக்கே வெட்டி, மீன்வால் போலச் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளை வெட்டி எறியத் தெரியாத மென்பொருள்தான் பிழை காட்டுகிறது.

அடுத்தது ஒடுங்கிய இடங்கள். ஒரு நீர்விரலின் அகலம் 8 மி.மீ.தான் என்றால், இரு பக்கத்துச் சரிவுகளும் 5 மி.மீ. போகமுன்பே, 4 மி.மீ.இல் முட்டிக்கொள்ளும். அங்கே மேல்தளம் மறைந்து, பலகையின் மேற்பரப்பிலிருந்து 1 மி.மீ. கீழே ஒரு முகடு உண்டாகும். நாலு பக்கமும் ஒரே சாய்வில் கூரை போடும் தச்சர் இதையேதான் செய்கிறார்: மூலைகளிலிருந்து கைமரங்கள் ஏறி, சந்திக்கும் இடத்தில் முகடு. எந்தக் கோணல்மாணலான பல்கோணத்துக்கும் இந்த முகட்டுக் கோடுகளைக் கணினியில் கண்டுபிடிக்கும் முறையொன்றை ஐக்ஹோல்சர், ஔரன்ஹாமர் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 1995இல் எழுதினார்கள். பக்கங்கள் ஒரே வேகத்தில் உள்ளே நகரும்போது எந்தப் பக்கம் முதலில் நீளமிழந்து மறைகிறது, எந்த உள்மூலை (உட்குழிந்த மூலை) எதிர்ப்பக்கத்தில் மோதி வடிவத்தை இரண்டாகப் பிளக்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவதே அந்த முறை. விளிம்பில் சரிவு போடும் சாதாரண 'சேம்ஃபர்' கட்டளைக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. ஃப்ரீகேட் போன்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்களில் சரிவு பக்கத்துத் தளத்தை முழுதாக விழுங்க நேர்ந்தால், கட்டளை பெரும்பாலும் தோற்றுவிடும்.

என் பார்வையில் பாதித் தொல்லை நாமே தேடிக்கொள்வது. செய்மதிப் படத்திலிருந்து குளத்தைத் தானாக வரையவிட்டால், கரை ஆயிரக்கணக்கான குட்டித் துண்டுகளாக வரும். அரை மி.மீ. நீளமுள்ள துண்டு ஒவ்வொன்றுக்கும் 5 மி.மீ. சரிவு போடச் சொன்னால் எந்த மென்பொருளும் திண்டாடும்தான். இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் கரைக்கோட்டை எளிமையாக்கி, புள்ளிகளை இயன்றளவு குறைத்து, உப்பலாக வளையும் இடங்களில் ஆரை 5 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு, அப்புறம் சரிவு போடுங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பலகையை ஒரு பக்கம் மட்டும் இழுத்து நீட்டியிருந்தால், அந்த அளவுமாற்றத்தை முதலில் நிரந்தரமாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சரிவும் அதே பக்கம் இழுபடும்.

மரத்தில்தான் வெட்டப்போகிறீர்கள் என்றால் சரிவைக் கணினியில் வரையாமலே விடலாம். 90 பாகை வி-பிட்டை (V போல் கூம்பிய வெட்டும் அலகை) 5 மி.மீ. ஆழத்தில் வெளிக்கோட்டின் மேலேயே ஓடவிட்டால் 45 பாகைச் சரிவு தானாகக் கிடைக்கும். ஒடுங்கிய விரல்களில் முகடும் தானாக உருவாகும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கும். நிலம் கூராக நீருக்குள் நீட்டும் இடம் பலகையில் ஓர் உள்மூலை. கூம்பான பிட் அங்கே திரும்பும்போது சரிவின் மேல்விளிம்பு 5 மி.மீ. ஆரையுள்ள வில்லாக வரும். திரையில் கண்ட கூர்மையே வேண்டுமென்றால் அந்த மூலைகளைக் கையுளியால் எடுக்க வேண்டும். முதிரையில் அதற்கு உளி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும்.