உட்கட்டமைப்பு: சொல்லும் பொருளும்

இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்ற சொல் ரயில் பாதையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் மண்மேடு, பாலம், சுரங்கம் எல்லாவற்றையும் சேர்த்து இப்படி அழைத்தார்கள். இலத்தீனில் 'இன்ஃப்ரா' என்றால் கீழே. 'ஸ்ட்ரக்சுரா' என்றால் கட்டியமைத்தது. ஆங்கிலத்துக்குப் போன இந்தச் சொல் 1950களில் நேட்டோ ராணுவக் கூட்டணியின் விமானத்தளங்களையும் எரிபொருள் குழாய்களையும் ஒட்டிப் பரவியது. குடிநீர், கழிவுநீர், சாலை, மின்சாரம் என்று நகரத்தைப் பற்றிப் பேச இது பரவலானது அதற்கு அப்புறம்தான்.

தமிழில் உள்கட்டமைப்பு, உட்கட்டமைப்பு என இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். உள்ளும் கருத்தும் சேர்ந்து உட்கருத்து ஆவதுபோல, புணர்ச்சி விதிப்படி உட்கட்டமைப்பே சரி. அடிக்கட்டமைப்பு என்று வைத்திருந்தால் மூலச் சொல்லின் பொருளுக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும். (இன்ஃப்ராரெட் கதிரையும் அகச்சிவப்பு என்றுதான் ஆக்கியிருக்கிறோம், அங்கேயும் 'கீழ்' என்பது 'அகம்' ஆகிவிட்டது.) வழக்கில் ஊன்றிய சொல்லை மாற்ற வேண்டாம். அந்தக் 'கீழ்' மட்டும் நினைவில் இருக்கட்டும், ஏனென்றால் வேகமாக வளரும் நகரத்தின் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

அடியில் போடவேண்டியதை முதலில் போட வேண்டும். வேகமாக வளரும் நகரிலோ வீடுகள் முந்திக்கொள்கின்றன. கழிவுநீர்க் குழாயையே பாருங்கள். அது பெரும்பாலும் சரிவில்தான் ஓடும். ஒரு தெருவில் பொங்குகிறதே என்று அங்கே மட்டும் பெரிய குழாய் பதித்தால், பொங்கும் இடம் அடுத்த தெருவுக்கு நகரும், அவ்வளவுதான். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். அதற்குத் தோண்டினால் குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி என்று குறுக்கே நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு துறையின் கையில். எது எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று காட்டும் வரைபடம் பல இடங்களில் கிடையாது. வேலை நடக்கும்போதும் மேலே குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரை நிறுத்த முடியாது. வேலை முடிவதற்குள் ஊர் இன்னும் பெருத்திருக்கும்.

லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்தது. அதன் பிறகுதான் பொறியாளர் ஜோசப் பசல்கெட்டின் கழிவுநீர்த் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. அவர் பிற்கால வளர்ச்சியையும் கணக்கிட்டு 40 லட்சம் பேருக்கு வடிவமைத்தார். மக்கள்தொகை அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியது. மழை பெய்தால் கழிவுநீர் மறுபடி ஆற்றில் கலந்தது. அதைத் தடுக்கும் 25 கிலோமீட்டர் சுரங்கம் முழுதாக இணைக்கப்பட்டது 2025இல்தான். பணமும் நிபுணர்களும் உள்ள நகரத்துக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரத்தின் நிலை இன்னும் கடினம். குழாய்த் தண்ணீர் எட்டாத இடங்களில் மக்கள் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். வேறு வழி இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சத் தரை தாழ்ந்தது. வடக்குப் பகுதிகள் பல கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால், அங்கே மழைநீர் தானாகக் கடலுக்கு வடியாது. பம்பு வைத்து இறைக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் இல்லாத குறை வெள்ளமாகத் திரும்பி வந்திருக்கிறது.

எழுதுவோர் கவனிக்க: அடிப்படை வசதி வேறு, உட்கட்டமைப்பு வேறு. வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது வசதி. நீர்த்தேக்கம் முதல் அந்தக் குழாய்வரை நடுவில் உள்ளதெல்லாம் உட்கட்டமைப்பு. 'உட்கட்டமைப்பு மேம்பாடு' என்ற அறிவிப்பைப் பார்த்தால், அது இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்று கேளுங்கள்.