நைட்ரிக் ஒக்சைட் பவுடர் வாங்கும் முன்

வெள்ளவத்தையில் என்னிடம் வயிற்றெரிவு என்று வருபவர்களில் சிலர் இப்போது ஒரு பவுடர் டப்பாவையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "டொக்டர், இது நைட்ரிக் ஒக்சைட்டைக் கூட்டுமாம், குடிச்சா குடல் புண் ஆறுமாமே?" வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நைட்ரிக் ஒக்சைட் உடம்புக்குத் தேவையான வாயுதான். அது இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதைக் கண்டுபிடித்ததற்கு 1998இல் மூன்று பேருக்கு நோபல் பரிசே கிடைத்தது. இரைப்பையிலும் அது உட்சுவரின் கலங்களுக்கு இரத்தம் போய்ச்சேர வைக்கிறது, அமிலம் சுடாமல் காக்கும் சளிப் படலத்தையும் சுரக்க வைக்கிறது. ஆனால் தொற்றோ நாட்பட்ட அழற்சியோ உள்ள குடலில் உடம்பே இதை அளவுக்கு மீறித் தயாரித்துவிடும், அப்போது அது பெரொக்சிநைட்ரைட் என்ற கேடான பொருளாக மாறி அதே கலங்களின் டிஎன்ஏவைச் சிதைக்கும். புண்ணுக்கு ஹெலிகோபக்டர் பைலோரி காரணமென்றால் அந்தக் கிருமிக்குத்தான் மருந்து வேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் குளிசை போடுபவர்கள் இந்தப் பவுடரைக் குடித்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கவும் கூடும்.

சாப்பாட்டிலிருந்து நைட்ரிக் ஒக்சைட் கிடைக்கும் வழி இருக்கிறதே, அதைப் பலர் அறிவதில்லை. கங்குன், கீரை, பீட்ரூட் சாப்பிட்டால் அவற்றிலுள்ள நைட்ரேட் இரத்தத்தில் கலந்து, ஏறக்குறைய கால்வாசி உமிழ்நீருக்குத் திரும்பி வருகிறது. நாக்கின் பின்பக்கத்துப் பற்றீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்க, நாம் விழுங்க, இரைப்பை அமிலம் பட்டு நைட்ரிக் ஒக்சைட் உருவாகிறது. அதனால்தான் கேட்கிறேன், பல் டொக்டர் சொல்லாமல் குளோர்ஹெக்சிடின் மவுத்வோஷைத் தினமும் எதற்குப் பாவிக்கிறீர்கள்? கிருமியோடு அந்தப் பற்றீரியாக்களும் போய்விடும். ஒமெப்ரசோலும் அமிலத்தைக் குறைப்பதால் இரைப்பையில் இந்த வாயு குறையும், அதற்காக எழுதித் தந்த குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், புண் ஆற அது வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது பாமசியில் துண்டில்லாமல் வாங்கும் டிக்ளோபெனக் என்ற நோக் குளிசைதான். நாரி நோ, முழங்கால் நோ என்று மாதக்கணக்கில் போடுகிறார்கள். இரைப்பையைக் காப்பதில் நைட்ரிக் ஒக்சைட்டுக்குத் துணைநிற்கும் புரொஸ்டாகிளண்டின் என்ற, உடம்பே தயாரிக்கும் பொருளை இந்தக் குளிசை அடக்கிவிடுகிறது, பிறகு கீரையோ பவுடரோ அந்த இழப்பை ஈடுகட்டாது. அப்படிப் போடுபவருக்கு மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கவேண்டாம், அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரும்புச்சத்துக் குளிசைக்கும் மலம் கறுக்கும், அதைப் போடுகிறவரென்றால் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.