ஜீனோம் படிக்கக் கொடுக்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிப் பொழிமுகத்துச் சேற்றில் இறால் ஓட்டைத் தின்னும் பாக்டீரியா தேடினால் கிடைக்கும். ஓட்டிலுள்ள கைட்டினை வெட்டும் அதன் கைட்டினேஸ் நொதியைப் பிடிக்க நேரே ஜீனோம் சீக்வென்சிங்குக்கு (முழு டிஎன்ஏவையும் எழுத்தெழுத்தாகப் படிப்பதற்கு) அனுப்பிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காசு வீணாவது அங்கேதான்.

முதலில் அகார் தட்டில் வேலை முடியட்டும். கூழ்மக் கைட்டின் கலந்த அகாரில் காலனியைச் சுற்றிக் கைட்டின் கரைந்து தெளிந்த வளையம் விழ 3 நாள் முதல் ஒரு வாரம் ஆகலாம்; மறுநாளே தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டார்ச்சை வெட்டும் அமைலேஸ் நொதி தேடுவோர் வளையம் பார்க்க ஸ்டார்ச் தட்டில் அயோடின் ஊற்றினால் காலனி செத்துவிடும். ஊற்றும் முன்பே இன்னொரு தட்டில் நகல் எடுத்து வையுங்கள்.

வளையம் விட்ட காலனியைக் குறைந்தது 3 முறை புதுத் தட்டில் கோடிழுத்துப் பரப்பித் தனியாக்குங்கள். கடல் பாக்டீரியாக்கள் பலவும் பசை சுரப்பவை. ஒன்றின் பசைக்குள் இன்னொன்று ஒளிந்து வரும். தெரியாமல் அனுப்பினால், 45 லட்சம் டிஎன்ஏ எழுத்து எதிர்பார்த்த இடத்தில் 90 லட்சம் வந்து நிற்கும். ஜீனோமின் தூய்மையைச் சரிபார்க்கும் செக்எம் மென்பொருள், கலப்படம் 5 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று சொன்னால், கணினியில் பிரிக்க மெனக்கெடுவதைவிட மறுபடி கோடிழுப்பதே மேல்.

அந்தப் பசைதான் டிஎன்ஏவையும் கெடுக்கும். எத்தனால் விட்டதும் நூல் நூலாகத் திரளாமல் நுங்கு மாதிரி ஒன்று அடியில் உட்கார்ந்தால், அதில் சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்திருக்கின்றன. ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவியில், புரதக் கலப்பைக் காட்டும் 260/280 விகிதம் 1.8 என்று அழகாகக் காட்டும். மயங்காமல், சர்க்கரை போன்ற கலப்பைக் காட்டும் 260/230 பாருங்கள். 2-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 1.2 என்று கிடந்தால் லைப்ரரி தயாரிப்பு (டிஎன்ஏவைத் துண்டாக்கிப் படிக்கத் தயார்செய்வது) தடுமாறும். சிடிஏபி என்ற சோப்பு வகை வேதிப்பொருளால் டிஎன்ஏ பிரிக்கும் முறையில் சோடியம் குளோரைடை 0.7 மோலாருக்கு மேல் வைத்துப் பிரித்தால் பசை கழியும். டிஎன்ஏ அளவை, டிஎன்ஏவில் மட்டும் ஒட்டி ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் க்யூபிட்டில் எடுங்கள். நானோடிராப் ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணிவிடும்.

நொதி மரபணு ஒன்றிரண்டாயிரம் எழுத்துதான். 150 எழுத்துக் குறும்படிப்புகள், 100 மடங்கு ஆழம் (ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 100 முறை படிப்பது) போதும். முழு வட்டமாக மூடிய ஜீனோம் வேண்டுமென்று லாங் ரீடுக்கு (நீளமான துண்டுகளாகப் படிப்பதற்கு) பணம் கட்டுவது இந்த வேலைக்கு ஆடம்பரம்.

மரபணுக்களுக்குப் பெயரிடும் ப்ரோக்கா மென்பொருள் 'கைட்டினேஸ்' என்று பெயர் ஒட்டுவது சாயலை வைத்துத்தான். ஜிஎச்18 என்ற நொதிக் குடும்பமானால் வினைமையத்துக் குளூட்டமேட் அமினோ அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள். அது மாறிப்போயிருந்தால் புரதம் கைட்டினைப் பிடிக்கலாம், வெட்டுவது சந்தேகம். ஈகோலை பாக்டீரியாவில் குளோன் செய்யும்போது சிக்னல் பெப்டைடை (புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் முன்பகுதி) நீக்கிவிட்டு, புரத உற்பத்தியின் தூண்டலை 16–18 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். 37 டிகிரியில் அவசரப்பட்டால் புரதம் கரையாமல் கட்டிவிட வாய்ப்பு அதிகம்.

சோதனைக்குக் குளச்சல் துறைமுகத்து நண்டு ஓட்டை அப்படியே அரைத்துப் போடாதீர்கள். கால்சியம் கார்பனேட் கவிந்திருக்கும் வரை நொதிக்குக் கைட்டின் எட்டாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை அடங்கும்வரை ஊறவைத்து, பிஎச் 7-க்கு வரும்வரை கழுவி, பிறகு போடுங்கள்.